தலை நுழையாத ஸ்வெட்டர்

காலை ஒன்பதே முக்காலுக்கு ராம்கி அந்தப் புகைப்படம் போலி என்று முடிவு செய்தான். பத்து மணிக்கு அகல்யா அந்த முடிவைக் குப்பைக் கூடையில் போட்டாள். ராம்கிக்கு இதில் வருத்தம் ஒன்றும் இல்லை. மென்பொருள் கம்பெனியில் பன்னிரண்டு வருஷம் வேலை பார்த்தவன் அவன். அங்கே முடிவுகள் இதைவிட வேகமாகக் குப்பைக்குப் போகும். கடைசியில் அவனையே போட்டார்கள்; அகல்யா எடுத்து உதவியாளனாக வைத்துக்கொண்டாள்.

அகல்யாவின் அலுவலகம் பூனாவின் வானவடியில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே இரண்டு அறை. ஆங்கில நாளிதழ் ஒன்றின் புகைப்படப் பிரிவில் இருபத்திரண்டு வருஷம் இருந்துவிட்டு வந்தவள். வாசல் பலகையில் ‘படங்கள் சரிபார்க்கப்படும்’ என்று மூன்று மொழிகளில் எழுதியிருந்தது. அதைப் படித்துவிட்டுப் பாஸ்போர்ட் போட்டோ எடுக்க ஏறி வருகிறவர்கள் வாரத்துக்கு நாலு பேர். உண்மையான வாடிக்கையாளர் வாரத்துக்கு ஒருவர்.

இந்த வார வாடிக்கையாளர் எதிர் நாற்காலியில் இருந்தாள். பெயர் ஸ்ரீலக்ஷ்மி. வங்கியில் அரைநாள் விடுப்பு சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

“மாமா, எங்க வீட்டுக்காரரோட அப்பா, எழுபத்தாறு வயசு மேடம். மகாதேவன்னு பேரு. வேலூர்ப் பக்கம். ஆர்மில இன்ஜினியர் பிரிவு. போன மாசம் எம் பையன் தேஜஸ் அவர் பெட்டியிலருந்து ஒரு போட்டோவ எடுத்து, ஏதோ ஆப்ல போட்டு பளிச்சுன்னு பண்ணி, ‘என் தாத்தா, 1971 போர்முனையில்’னு நெட்ல போட்டுட்டான். ரெண்டே நாள்ல நாப்பதாயிரம் பேர் பாத்தாங்க.”

“மூணாம் நாள்?”

“ஒரு பேஜ்ல அது போலின்னு போட்டாங்க. அத நாப்பத்தஞ்சாயிரம் பேர் பாத்தாங்க.”

“அவங்க மூணு காரணம் சொல்றாங்க மேடம்” என்று ராம்கி திரையைத் திருப்பினான். “ஒண்ணு, நடுவுல உக்காந்திருக்கறவருக்கு ஆறு விரல். ரெண்டு, ஒருத்தர் கையிலயும் துப்பாக்கி இல்லீங்க, மூணு பேரும் நீட்டுக் கம்பி வெச்சிட்டிருக்காங்க. மூணு, ஓரத்துல இருக்கற இவங்க மாமாவோட ஸ்வெட்டர். கழுத்துலருந்து நெஞ்சு வரைக்கும் கிழிஞ்சு, அதக் கயித்தால கோத்திருக்குது. உலகத்துல எந்தப் பட்டாளத்துக்கும் இப்பிடி உடுப்பு கிடையாது, நாடகக் கம்பெனிச் சாமான்னு எழுதியிருக்காங்க. நம்ம ஸாஃப்ட்வேரும் தொண்ணூத்திரண்டு பர்சென்ட் மெஷின் வரைஞ்சதுன்னு சொல்லுதுங்க.”

“மிச்சம் எட்டு பர்சென்ட்?”

“அது மரியாதைக்கு.”

அகல்யா ஸ்ரீலக்ஷ்மியைப் பார்த்தாள். “போட்டோ போலின்னு யாரோ சொன்னா சொல்லிட்டுப் போகட்டும். உங்களுக்கு என்ன அவசரம்?”

“இன்னிக்கு ஆறு மணிக்கு எங்க சந்தன்வேல் அப்பார்ட்மென்ட் சொசைட்டி தோட்டத்துல எழுபத்தொண்ணு போருக்கு நினைவுக் கல் திறக்கறாங்க. மாமாதான் திறக்கறதா இருந்துச்சு. கல்லுல ரெண்டு பேர் பேரு இருக்கு. எத்திராஜ், தேவசகாயம். மாமாவோட இருந்து செத்துப்போன தோஸ்துங்க. மாமா குடுத்த பேருங்கதான். இப்ப செக்ரட்டரி மனோஜ் சாஹேப் வந்து, ‘போட்டோ போலின்னு ஒரு மன்னிப்பு லெட்டர்ல கையெழுத்து போடுங்க, கல்லு அப்பிடியே இருக்கட்டும், வேற ஆளை வெச்சு திறந்துக்கறோம்’ங்கறார். மாமா சரின்னுட்டார்.”

“சரின்னுட்டாரா?”

“ஒரு வார்த்த எதிர்த்துப் பேசல மேடம். அஞ்சு மணிக்கு லெட்டர் வாங்க வருவாங்க. கையெழுத்து போட்டார்னா அதுக்கப்புறம் அவர் லிஃப்ட்லகூட இறங்க மாட்டார். நாலு நாளா வாக்கிங் கிடையாது. நேத்து சப்பாத்திய சின்னச் சின்னதா பிச்சு தட்டுலயே அடுக்கி வெச்சுட்டு எழுந்துட்டார்.”

அவள் கைப்பையிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, அதற்குள்ளிருந்து படத்தை எடுத்தாள். உள்ளங்கையளவு கறுப்பு வெள்ளைப் படம். ஓரம் பல் பல்லாக வெட்டியிருந்தது. மூன்று இளைஞர்கள் ஒரு வயலின் முன்னால் குத்துக்காலிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பின்பக்கத்தில் படைப்பிரிவின் எண் முத்திரையும், நீல மையில் மூன்று பெயர்களும்: எத்திராஜ், தேவசகாயம், மகாதேவன்.

ராம்கி நடு ஆளின் விரல்களை எண்ணினான். ஐந்து. மறுபடி எண்ணினான். அப்போதும் ஐந்துதான்.

“ஆப் ஒரு விரலைக் கொசுறாப் போட்டிருக்குதுங்க” என்றான்.

“தாராள மனசு. ஆனா கம்பி இதுலயும் இருக்கு. கழுத்தும் அப்படியேதான் இருக்கு.”

“அப்ப படமே ஜோடிச்சதுங்க மேடம். எழுபதுகள்லயே ஜோடிச்சிருக்காங்க.”

“ஜோடிக்கறவன் எல்லாத்தையும் சரியா வெப்பான் ராம்கி. துப்பாக்கி வெப்பான், தொப்பி வெப்பான், பின்னாடி ஒரு டாங்க் வெப்பான். இவ்வளவு அசிங்கமான ஒரு கழுத்தை எந்தப் பொய்யனும் யோசிச்சுக் கண்டுபிடிக்க மாட்டான். இது நிஜமான ஒரு முட்டாள்தனம். யாரோடதுன்னு தெரியணும், அவ்வளவுதான்.”

பூனாவில் தமிழ்ப் பெண்களுக்கென்று இருக்கும் வாட்ஸ்அப் குழுக்களில் பதினொன்றில் அகல்யா உறுப்பினர். எதிலும் இதுவரை வாயைத் திறந்ததில்லை. இன்று எல்லாவற்றிலும் அந்தக் கழுத்தை மட்டும் வெட்டிப் போட்டு, ‘இப்படி ஒரு ஸ்வெட்டரை யாராவது பார்த்ததுண்டா?’ என்று கேட்டாள். இருபது நிமிஷத்தில் ஐம்பத்துமூன்று பதில்கள் வந்தன. முப்பத்தொன்பது காலை வணக்கங்கள். பதிமூன்று பேர் தத்தம் வீட்டுக்காரரின் ஸ்வெட்டரைப் பற்றிக் குறைப்பட்டிருந்தார்கள். கடைசியாக ஒன்று, பூனாவுக்குப் பக்கத்துத் தளேகாவிலிருந்து, சரசா என்ற பெயரில்:

‘அந்தக் கழுத்து என் தப்பு.’

ராம்கி ஸ்கூட்டர் சாவியைத் தேட ஆரம்பித்தான்.

சிவாஜிநகர் ஸ்டேஷனில் வண்டியை நிறுத்திவிட்டு லோனாவ்லா லோக்கலைப் பிடித்தார்கள். அதை விட்டால் மத்தியானம்தான் அடுத்த வண்டி. அகல்யாவுக்கு ஜன்னல் ஓரம் கிடைத்தது. ராம்கிக்கு ஒரு வெங்காய மூட்டை கிடைத்தது.

“மேடம், ஒரு சந்தேகமுங்க. படம் நிஜம்னா அந்தப் பெரியவர் ஏன் சண்டை போடல? திருடன்னு சொன்னா என் மாமனார் மூணு தெருவக் கூட்டுவார். அவரு திருடுனவர்தான், இருந்தாலும்.”

“அதைத்தான் நானும் யோசிக்கறேன். போட்டோ போலின்னு கையெழுத்து போட்டா அவருக்கு என்ன லாபம்?”

“அவமானம்.”

“அது நஷ்டம். லாபம் என்னன்னு கேட்டேன்.”

வெங்காய மூட்டையின் சொந்தக்காரர் அதைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளச் சொன்னார். ராம்கி பார்த்துக்கொண்டான்.

சரசா எழுபத்துமூன்று வயது. ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். தளேகாவில் இரண்டாவது மாடியில் தனியாக இருந்தார். கதவைத் திறந்தபோது ஒரு கையில் சிவப்புப் பேனாவும் மறு கையில் செய்தித்தாளும் இருந்தன. செய்தித்தாளில் வந்திருந்த ஒரு புள்ளிவிவரத்தைத் திருத்திக்கொண்டிருந்தார்.

“நீங்கதான் அகல்யாவா? வாங்கோ. கழுத்தைக் காட்டுங்கோ.”

படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “இதேதான். பாவம், கயிறு போட்டுக் கட்டிண்டிருக்கான் பாருங்கோ. அப்படியும் சிரிச்சிண்டிருக்கான்.”

“எப்படி உங்க தப்பு?”

“எழுபத்தொண்ணு டிசம்பர். யுத்தம் ஆரம்பிச்ச மூணாம் நாள். பூனா கிர்கியில எங்களைச் சுத்திப் பதினேழு தமிழ்க் குடும்பம். ஜவான்களுக்கு ஸ்வெட்டர் பின்னி அனுப்பறதுன்னு எல்லாருமாச் சேர்ந்து முடிவு பண்ணினோம். முடிவு பண்ணினப்புறந்தான் ஒருத்தருக்கும் பின்னத் தெரியாதுன்னு தெரிஞ்சுது. எதிராத்துப் பஞ்சாபி மாமி ஊசி பிடிக்கக் கத்துக்குடுத்தா. அளவு போட்டது நான். பி.எஸ்ஸி. மேத்ஸ் ரெண்டாவது வருஷம். அதனால ஒருத்தரும் சந்தேகப்படலை.”

“கழுத்துக்கு என்ன அளவு வெச்சீங்க?”

“எனக்குத் தெரிஞ்ச கழுத்து ஒண்ணுதான். ரவிக்கைக் கழுத்து. குளிருமேன்னு அதையும் நன்னா நெருக்கி வெச்சேன். ரவிக்கைக்கு முன்னால கொக்கி இருக்குங்கறதை மறந்துட்டேன். அதைத் தலை வழியா யார் மாட்டறா? ஸ்வெட்டருக்குக் கொக்கி ஏது?”

ராம்கி குறுக்கே புகுந்தான். “ஏனுங்கம்மா, ஒருத்தர்கூடவா போட்டுப் பாக்கல?”

வீட்டுப்பாடம் எழுதாமல் வந்தவனைப் பார்ப்பதுபோல சரசா அவனைப் பார்த்தார். “சாமிக்குப் பண்ணின பிரசாதத்தை ருசி பார்த்துட்டா நைவேத்தியம் பண்ணுவா? ஜவானுக்குன்னு பின்னினதை ஆத்து மனுஷா தலையில மாட்டிப் பார்க்கறதாவது. மடிச்சு, ஓரத்துல மஞ்சள் தடவி, பார்சல் கட்டிட்டோம். நாப்பத்தொரு ஸ்வெட்டர். ஒண்ணுலகூடத் தலை நுழையாது.”

பீரோவைத் திறந்து பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு தாளை எடுத்து வந்தார். “அந்தப் பிரிவு மேஜர் போட்ட லெட்டர். எனக்குக் கர்வம் வரப்போ எல்லாம் எடுத்துப் படிப்பேன். மாசத்துக்கு ஒரு தடவை.”

தட்டச்சு செய்த கடிதம். அகல்யா மனசுக்குள் தமிழாக்கிச் சத்தமாகப் படித்தாள்.

“‘மதிப்பிற்குரிய சகோதரிகளுக்கு. நீங்கள் அன்புடன் அனுப்பிய நாற்பத்தொரு ஸ்வெட்டர்களும் நேற்று முன்தினம் வந்து சேர்ந்தன. நல்ல கதகதப்பு. கழுத்துகளைக் கத்தியால் திறந்து பூட்ஸ் கயிற்றால் மூடிக்கொண்டோம். வீரர்கள் சௌகரியமாக இருக்கிறார்கள். மறுமுறை அனுப்பினால் தலைக்கும் கொஞ்சம் இடம் விடும்படி கேட்டுக்கொள்கிறேன்.’”

கடிதத்தின் தலைப்பில் படைப்பிரிவின் எண் இருந்தது. ராம்கி படத்தைத் திருப்பி முத்திரையோடு ஒப்பிட்டான். அதே எண்.

“முடிஞ்சுதுங்க மேடம். அந்த நாப்பத்தஞ்சாயிரம் பேருக்கும் தனித்தனியா மெசேஜ் அனுப்பப் போறேன்.”

தாளின் மேல் மூலையில் அகல்யாவின் விரல் நின்றிருந்தது.

“எப்ப பார்சல் அனுப்பினீங்க?”

“ஜனவரி கடைசி. யுத்தந்தான் பதினாலு நாள்ல முடிஞ்சுடுத்தே. எங்களுக்கு அப்போ ஒரு கைகூட முடியலை. யுத்தம் முடிஞ்சா குளிர் முடியுமா என்ன, பின்னினதை என்ன பண்றதுன்னு முழுக்க முடிச்சு அனுப்பிட்டோம்.”

கடிதத்தின் தேதி 1972 பிப்ரவரி 11. ‘நேற்று முன்தினம் வந்து சேர்ந்தன’ என்று முதல் வரியிலேயே இருந்தது.

சரசா காபி போட உள்ளே போனார். ராம்கி மேஜையிலிருந்த படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தான். பெரியவர் பிப்ரவரியில் வந்த ஸ்வெட்டரைப் போட்டிருக்கிறார். அதாவது படம் பிப்ரவரிக்கு முன்னால் இல்லை. போர் டிசம்பர் பதினேழில் முடிந்துவிட்டது.

“அப்ப படம் நிஜம், கீழ எழுதினது பொய்” என்றான்.

“அதோட நிக்கல. பக்கத்துல உட்கார்ந்திருக்கறவங்க பேரைப் படி.”

படித்தான். எத்திராஜ். தேவசகாயம். எழுபத்தொன்று போரில் செத்துப்போனதாகச் சந்தன்வேல் சொசைட்டியின் கல்லில் செதுக்கியிருக்கும் இரண்டு பேர், போர் முடிந்து இரண்டு மாசம் கழித்து வெயிலில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

ராம்கி சரசாவிடம் சொல்லிவிட்டு, கடிதத்தை நகல் எடுக்கக் கீழே இறங்கினான்.

திரும்பும் வண்டியில் ராம்கி ஆரம்பித்தான். “அவருக்கு என்ன லாபம்னு கேட்டீங்களே. புரிஞ்சுதுங்க. படம் போலின்னு கையெழுத்து போட்டா, அதுக்கு மேல யாரும் தோண்ட மாட்டாங்க. பேரு கல்லுலயே இருக்கும்.”

“ஆமா. நாம தோண்டிட்டோம்.”

“அப்ப அந்த ரெண்டு பேரும்? கதையா?”

“போர் முடிஞ்ச வயல். கையில துப்பாக்கி கிடையாது. இன்ஜினியர் பிரிவு ஆளுங்க. ஆளுக்கு ஒரு கம்பி. என்ன பண்ணிட்டிருந்திருப்பாங்க, நீயே சொல்லு.”

பிம்ப்ரி ஸ்டேஷன் தாண்டிய பிறகு ராம்கி சொன்னான். “கண்ணிவெடி.”

மகாதேவன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது நாலரை. பெரியவர் சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை போட்டு, கையெழுத்துப் போடுவதற்குத் தயாராகச் சாப்பாட்டு மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தார். பேனா மூடி திறந்திருந்தது. ஸ்ரீலக்ஷ்மி சமையலறை வாசலில் நின்றாள்.

ஸ்வெட்டருக்கு அளவு போட்ட சரசாவைப் பற்றிச் சொல்லி, அகல்யா மேஜர் கடிதத்தின் நகலை அவர் முன்னால் வைத்தாள். அவர் கண்ணாடி போட்டுப் படித்தார். தேதியை இரண்டு தடவை படித்தார்.

“இந்தம்மா இன்னும் இருக்காங்களா?” என்றார்.

“இருக்காங்க. கழுத்துக்கு மன்னிப்புக் கேக்கச் சொன்னாங்க.”

“நல்ல ஸ்வெட்டருமா. எட்டு வருஷம் போட்டேன்.” கண்ணாடியைக் கழற்றினார். “கண்டுபுடிச்சுட்டீங்க.”

“நீங்களே சொல்லுங்க சார்.”

“டிசம்பர்ல நாங்க ரயில்ல இருந்தோம். போய் இறங்கறதுக்குள்ள சண்ட முடிஞ்சுபோச்சு. ஊர்ல எல்லாம் பட்டாசு. எங்களுக்கு அன்னிக்குதான் வேல ஆரம்பம். ரெண்டு பக்கத்துக்காரனும் பொதச்சு வெச்சத ஒண்ணொண்ணா எடுக்கணும். கம்பியால மண்ணக் குத்தணும், மெதுவா, சாய்வா. சனங்க திரும்பி வந்து ஏர் ஓட்டணுமில்ல. மார்ச் பதினொண்ணு எத்திராஜ். நாலு நாள் கழிச்சு தேவசகாயம். அவன் கல்யாணத்துக்கு லீவு வந்திருந்துச்சு, மறுநாள் கெளம்பணும்.”

ஸ்ரீலக்ஷ்மி தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அவர் தொடர்ந்தார்.

“எங்க ஊர்ப் பக்கம் பின்னால ஒரு கல்லு வெச்சாங்க. டிசம்பர் பதினேழோட கோடு கிழிச்சுட்டாங்க. மார்ச்சுல செத்தவனுக்கு அதுல எடமில்ல. பேரன் எழுபத்தொண்ணுன்னு எழுதிட்டான், எங்கிட்ட கேக்கல. செக்ரட்டரி வந்து, அந்த வருஷத்துல செத்தவங்க பேரு தெரியுமான்னாரு. குடுத்துட்டேன். வருஷத்தப் பத்தி வாயத் தொறந்தா பேரு போயிடும். என்னைப் பொய்யன்னு சொன்னா நான் வீட்ல உக்காந்துக்கறேன். அவங்க கல்லுல இருக்கட்டும்.”

அகல்யா பையிலிருந்து தன் அறிக்கையை எடுத்தாள். ரயிலிலேயே எழுதியது. மூன்று வரி: படம் உண்மையானது. அதில் இருப்பவர்கள் பின்னால் எழுதியிருப்பவர்களே. வருஷம் 1971 அல்ல, 1972.

“இதுல ஒரு எழுத்தை என்னால மாத்த முடியாது சார். ஆனா இதை செக்ரட்டரி கையில குடுக்கணும்னு எனக்குக் கட்டாயம் இல்ல. என்னைக் கூப்பிட்டது உங்க மருமகள். நீங்க வேண்டாம்னா இது என் பீரோவுக்குப் போயிடும்.”

“நான் இப்ப கையெழுத்து போட்டா?”

“அதுவும் பொய்தான். நிஜமான படத்தைப் போலின்னு எழுதறீங்க. அந்தப் படத்துல அவங்களும் இருக்காங்க.”

மகாதேவன் படத்தை எடுத்துப் பார்த்தார். இது அவர் யோசிக்காதது என்று முகத்தில் தெரிந்தது. பேனாவை மூடினார்.

சரியாக ஐந்துக்கு வாசல் மணி அடித்தது. மனோஜ் ஓய்வு பெற்ற அரசாங்க அதிகாரி. தீர்மானத்தின் நகல் இல்லாமல் குப்பைத் தொட்டியைக்கூட நகர்த்த மாட்டார் என்று பெயர். கையில் கோப்பு. கோப்பில் மன்னிப்புக் கடிதம், இரண்டு பிரதி.

மகாதேவன் எழுந்து நின்று ராணுவ ஹிந்தியில் பேசினார். “சாஹேப், படம் நிஜம். வருஷம் தப்பு. நான்தான் சொல்லாம விட்டேன். இவங்க ரெண்டு பேரும் எழுபத்திரண்டு மார்ச்சுல கண்ணிவெடி எடுக்கும்போது போனாங்க. கல்லுல வருஷத்த மாத்துங்க. முடியாதுன்னா பேர எடுத்துடுங்க. பொய்க்குக் கீழ அவங்க வேண்டாம்.”

அகல்யா அறிக்கையையும் கடித நகலையும் நீட்டினாள். மனோஜ் நின்றபடியே படித்தார். படத்தின் பின்பக்க முத்திரையைப் பார்த்தார். கடித எண்ணைப் பார்த்தார்.

“எழுபத்தொன்று போரில் உயிர் துறந்தவர்களுக்கு என்றுதான் கமிட்டி தீர்மானம்” என்றார் ஹிந்தியில். “எழுபத்திரண்டில் போர் இல்லை.”

“அந்த வயல்ல இருந்துச்சு சாஹேப்.”

மனோஜ் கோப்பைத் திறந்து, மன்னிப்புக் கடிதத்தின் இரண்டு பிரதிகளையும் எடுத்து நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு கைபேசியை எடுத்து கல் செதுக்குகிறவரைக் கூப்பிட்டார். வருஷத்தின் கடைசி ஒன்றை இரண்டாக்க முடியுமா என்று கேட்டார். ஸ்பீக்கரில் பதில் வந்தது. ஒன்றை இரண்டாக்கலாம், இரண்டைத்தான் ஒன்றாக்க முடியாது, அரைமணி நேரம் ஆகும்.

“வாருங்கள்” என்றார் மனோஜ். “திருத்தத் தீர்மானம் நாளைக்கு எழுதிக்கொள்கிறேன்.”

“முன் தேதி போட்டுடுவார் போலங்க” என்று ராம்கி முணுமுணுத்தான்.

“அதை நான் சரிபார்க்கப் போறதில்ல” என்றாள் அகல்யா.

ஆறு மணிக்குத் தோட்டத்தில் நூற்றுச் சொச்சம் பேர் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். தேசபக்திப் பாட்டு போடத் தயாராக இருந்தவரிடம் மனோஜ் கையைக் காட்டினார். பாட்டு வரவில்லை. வருஷம் திருத்தப்படுவதாக மைக்கில் அறிவித்தார். காரணத்தை இரண்டு வாக்கியத்தில் சொன்னார். கூட்டம் உட்கார்ந்து உளிச் சத்தத்தைக் கேட்டது. இருபத்தெட்டு நிமிஷம். ஒருவரும் கைபேசியை எடுக்கவில்லை என்று சொல்ல முடியாது. எடுத்தவர்களும் பேசவில்லை.

மகாதேவன் முன்வரிசைக்குப் போகவில்லை. கல்லுக்குப் பக்கத்தில், உளிக்காரருக்கு எதிரே, குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டார். எழுபத்தாறு வயதில் அது சுலபமில்லை. ஸ்ரீலக்ஷ்மி நாற்காலியைக் கொண்டுபோனாள்; வேண்டாமென்று தலையசைத்தார்.

உளிக்காரர் வேலையை முடித்துத் தூசியை ஊதிவிட்டு, சரியாக இருக்கிறதா என்று ஹிந்தியில் கேட்டார்.

பெரியவர் விரலை முதல் பெயரில் வைத்து மெதுவாக நகர்த்தினார். பிறகு இரண்டாவது பெயர். பிறகு வருஷம்.

“சரியா இருக்கு” என்றார் தமிழில்.

அதை அங்கே யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.